மேகத்துக்குள் ஒரு தட்டாமாலை

நம் பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் தோழியின் கைகளைக் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றாதவர் உங்களுள் எவரேனும் உண்டா? இருக்க முடியாது. கால்கள் நின்ற பின்னும் மரம் சுற்றும். பள்ளிக் கட்டடம் சுற்றும். மணியடிக்கப் போகும் ஆயாம்மாவும் சேர்ந்து சுற்றுவார். நாம் நின்றுவிட்டோம் என்பது நமக்கே தெரியும். ஆயினும் தலைக்குள்ளிருக்கும் ஏதோ ஒன்று, 'இல்லை, நீ எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாய்' என்று சாதிக்கும். அன்று அது வேடிக்கை. சிரித்துக்கொண்டே புல்லில் விழுந்தோம்.

விழுவதற்குப் புல் இல்லாத இடத்தில், 3,000 அடி உயரத்தில், வெள்ளை மேகத்துக்குள் அமர்ந்திருக்கும்போது தலை அவ்வாறே சாதித்தால் என்ன செய்வது? இதைக் கற்றுக்கொள்வதற்காகவே, இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நாங்கள் இருவர், சில ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சென்றோம். 'இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்' எனப்படும் கருவி வழிப் பறத்தல் தகுதியைப் பெற்றுத் திரும்பினோம். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதுங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, பயணக் கட்டுரை எழுதவே முதலில் எண்ணினோம். எழுத உட்கார்ந்ததும் வேறொன்று மனத்தை உறுத்தியது. பெற்றோரும் அருட்சகோதரிகளும் படிக்கும் இம்மலரில் அதையே சொல்லிவிடுவது நல்லது எனத் துணிந்தோம். பயிற்சியில் நாங்கள் பட்ட தோல்விகளை மறைக்க முயன்றோம். அந்தப் பழக்கத்தை இங்கிருந்துதான் எடுத்துச் சென்றோம்.

முதலில் இத்தகுதி என்னவென்று சொல்லிவிடுகிறோம். சாதாரணமாக விமானம் ஓட்டக் கற்பவர் வெளியே பார்த்தே ஓட்டுகிறார். அடிவானம் தெரிகிறது; ஆறு தெரிகிறது; சாலை தெரிகிறது. மேகமோ மூடுபனியோ வந்தால் அவர் அதற்குள் போகச் சட்டம் இடம் தராது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி பெற்றவரே உள்ளே போகலாம். அமெரிக்கச் சட்டப்படி இத்தகுதிக்கு 40 மணி நேரம் கருவி வழிப் பறந்திருக்க வேண்டும். விமானப் பொறுப்பாளராக இருந்து ஊர்விட்டு ஊர் பறந்த 50 மணி நேரமும் கணக்கில் இருக்க வேண்டும். 250 கடல் மைல் தூரத்துக்கு ஒரு நெடும்பயணம் உண்டு. 60 வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு பெற வேண்டும். இவை முடிந்தபின் தேர்வாளர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாய்மொழியாகவும் வானிலும் சோதிப்பார். எழுத்துத் தேர்வை இருவரும் நல்ல மதிப்பெண்ணோடு தாண்டினோம் என்று சொல்லத் தேவையில்லை. நம் பள்ளி மாணவிகளுக்கு எழுத்துத் தேர்வா பெரிது!

மேகத்துக்குள் ஏன் இத்தனை ஆபத்து? நம் உட்செவியில் மூன்று சிறு அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவம் அசைவதைக் கொண்டே நாம் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. ஒரே சீராகச் சுமார் 20 விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும்; திரும்புவதாகவே தோன்றாது. திருப்பத்தை நிறுத்தினாலோ, எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். தட்டாமாலையின் இரகசியம் இதுவே. 1926-ஆம் ஆண்டில் வில்லியம் ஆக்கர் என்ற அமெரிக்க இராணுவ விமானியைச் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவர் கண்ணை மூடச் செய்து சுழல் நாற்காலியில் சுற்றிவிட்டார். நின்ற நாற்காலியை எதிர்ப்பக்கம் சுற்றுவதாக ஆக்கர் சொன்னார். அவர் அனுபவமுள்ள விமானி. அன்றே அவருக்கு விளங்கிவிட்டது, தம் உடம்பை நம்பி மேகத்துக்குள் போக முடியாதென்று.

1954-ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லப்பட்டது. கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். இருபதின்மரும் விமானத்தைக் கட்டுப்பாடு இழக்கவிட்டார்கள். மிகக் குறைந்த நேரம் 20 விநாடி. மிக அதிகம் 480 விநாடி. சராசரி 178 விநாடி. நம் காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். 1999-ஆம் ஆண்டு ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்டு தீவை நோக்கிப் பறந்தபோது, புகைபோல் மங்கிய வானில் திசையுணர்வு தப்பிக் கடலில் விழுந்து மூவரும் மாண்டனர். அவரிடம் இத்தகுதி இல்லை. அதற்கான பயிற்சியில் பாதி வழியில் இருந்தார்.

பாதி வழி என்ற சொல் எங்களை மிகவும் கலங்கச் செய்தது. ஏனெனில் பாதி வழியில்தான் நாங்களும் சரிந்தோம்.

பயிற்சியின் தொடக்கம் இனிமையாகவே இருந்தது. பயிற்சியின்போது தலையில் 'ஹூட்' என்றொரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். வண்டி மாட்டுக்குக் கண்ணோரம் மறைப்புக் கட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரேயுள்ள கருவிப் பலகை மட்டுமே தெரியும். வெளியுலகைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். வேகம், உயரம், ஏறி இறங்கும் விகிதம், திசை, திருப்பம், செயற்கை அடிவானம் என ஆறு முகப்புகள். கண் இவற்றின்மேல் ஓயாது சுற்றி வர வேண்டும். ஒன்றிலே நிலைத்துவிட்டால் மற்ற ஐந்தும் நம்மைக் கேளாமல் ஓடிவிடும். உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று அதையே உற்றுப் பார்த்திருந்தால் திசை 20 டிகிரி விலகியிருக்கும். அடுப்பில் பால், வாசலில் காய்க்காரர், உள்ளே அழும் குழந்தை மூன்றையும் ஒரே வேளையில் பார்க்கும் நம் தாய்மார்கள் இதில் எளிதில் தேறுவார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. 15 மணி நேரம் முடிந்தபோது ஊசிகள் அசையாமல் நின்றன. வீட்டுக்குப் பேசும்போதெல்லாம், "நல்லா போகுதப்பா, நல்லா போகுதம்மா" என்றோம். அது உண்மையாகவும் இருந்தது.

அப்புறம் 'ஹோல்டிங்' வந்தது. விமான நிலையத்தில் நெரிசலென்றால் இறங்க வரும் விமானத்தை வானிலேயே காத்திருக்கச் சொல்வார்கள். விமானம் பஸ்ஸைப்போல் நின்று காத்திருக்க முடியாதல்லவா? ஆகவே ஓட்டப்பந்தயத் தடம்போன்ற நீள்வட்டத்தில் சுற்ற வேண்டும். ஒரு நிமிடம் திருப்பம், ஒரு நிமிடம் நேர்கோடு, மறுபடி ஒரு நிமிடம் திருப்பம், ஒரு நிமிடம் நேர்கோடு; ஆக 4 நிமிடம். கேட்க எளிது. காற்று ஒரு பக்கம் தள்ளும், திருப்பம் விரிந்துபோகும். எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே நுழையும் முறை மூன்று. எதுவென்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். அதற்கிடையே வானொலியில் ஆணைகள் வந்துகொண்டேயிருக்கும். நாங்கள் சுற்றிப் பழகிய வானொலி வழிகாட்டி நிலையத்துக்குப் பெயர் 'பாரடைஸ்'. சீனோ என்னும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரதீசின் வாசலில் உள்ளே நுழையும் வழி தெரியாமல் வாரக்கணக்கில் சுற்றியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்! இதைக் கேட்டால் நமக்கு மறைக்கல்வி கற்பித்த சிஸ்டர் என்ன சொல்வாரோ!

25 மணி நேரம் ஆனபோது 15 மணி நேரத்தில் இருந்ததைவிட மோசமாகிவிட்டோம். இது எங்களுக்குப் புரியவில்லை. படிக்கப் படிக்க மதிப்பெண் ஏறும் என்பதே நாங்கள் அறிந்த உலகம். இங்கோ, பறக்கப் பறக்க உயரம் 200 அடி விலகுகிறது. சொன்ன ஆணை காதில் ஏறவில்லை. முன்பு தானாக வந்த நேர்ப்பறத்தல்கூடக் கைநழுவுகிறது. "புதிதாக ஒன்றை ஏற்றும்போது பழையது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், எல்லாரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போனார்கள்" என்றார் பயிற்சியாளர். நாங்கள் நம்பவில்லை. எங்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்றே எண்ணினோம். இருவரில் ஒருத்தி இடைநிலைச் சோதனையில் தேறவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் பேசியபோதும், "நல்லா போகுதப்பா" என்றாள். அறையில் மற்றவளும் இருந்தாள். கேட்டும் வாய் திறக்கவில்லை. ஆகவே பொய் இருவருக்கும் பொது.

ஜூன் மாதம் வந்தது. தென் கலிபோர்னியாவின் கடலோரத்தில் அம்மாதத்துக் காலைகளில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் படர்ந்துவரும். மந்தாரம் போட்டதுபோல் ஊரே சாம்பல் நிறமாகிவிடும். சுற்றுலா வந்தவர்கள் நொந்துகொள்வார்கள்; கருவிப் பயிற்சி பெறுபவர்களுக்கோ அது கொண்டாட்டம். ஹூட் தேவையில்லை, உண்மையான மேகமே கிடைக்கிறது. நாங்கள் இருவரும் பயிற்சியாளரோடு செஸ்னா 172 விமானத்தில் ஏறினோம். ஒருத்தி ஓட்ட, மற்றவள் பின்னிருக்கையில். ஓடுபாதையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் ஜன்னல்கள் நான்கும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தன.

ஓட்டியவளுக்கு விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. செயற்கை அடிவானமோ, நேராக இருக்கிறது என்றது. அவள் உடம்பு கேட்கவில்லை. கை தானாகவே இடப்புறம் அழுத்தியது. திசைமுள் நகர்ந்தது, மூக்கு தாழ்ந்தது, வேகம் கூடியது. உயரம் குறைவதைப் பார்த்தவள் சக்கரத்தைத் தன்பக்கம் இழுத்தாள். சாய்ந்திருக்கும் விமானத்தை அப்படி இழுத்தால் திருப்பம் இறுகுமே தவிர உயரம் கிடைக்காது. மரணச் சுருள் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியது இதைத்தான். படத்தை அவள் நோட்டில் அழகாக வரைந்தும் வைத்திருந்தாள்.

பயிற்சியாளர் கை நீட்டி விமானத்தை வாங்கிக்கொண்டார். நேராக்கினார். பிறகு கேட்டார்: "சாய்வதுபோல் தோன்றியவுடனே ஏன் சொல்லவில்லை?"

ஏன் சொல்லவில்லை? சொன்னால் தெரியாதவள் என்று எண்ணிவிடுவாரே என்பதனால். பின்னிருக்கையில் தோழி இருந்தாளே என்பதனால். வகுப்பில் கை தூக்கி, 'சிஸ்டர், புரியவில்லை' என்று சொன்னால் சிரிப்பார்களே என்று பத்தாண்டுகள் பேசாதிருந்த அதே நாக்குத்தானே அது!

இவ்விடத்தில் எங்கள் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறோம். நம் பள்ளி எங்களுக்குத் தந்தவை ஏராளம். ஒழுங்கு தந்தது, நேரம் தவறாமை தந்தது, ஆங்கிலம் தந்தது. வானொலியில் வரும் ஆணையைத் திருப்பிச் சொல்லும்போது எங்கள் உச்சரிப்பைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் ஒருநாளும் குறைசொன்னதில்லை. ஆனால் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கப் பயந்து, முதல் மாதத் தேர்வுத் தாளைப் பைக்குள் மடித்து வைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! 'முதல் ரேங்க் எங்கே?' என்று கேட்ட அளவுக்கு, 'எது புரியவில்லை?' என்று கேட்டார்களா? வீட்டிலும் அப்படியே. அடுத்த வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணைச் சொல்லாமல் எங்கள் மதிப்பெண்ணைப் பார்த்த பெற்றோர் சிலரே. யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் எல்லாரும் செய்தார்கள். ஆயினும், குறையை மறைப்பது கெட்டிக்காரத்தனம் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு போனால், அது உயிருக்கே உலையாகும் தொழில்கள் உண்டு. விமானம் ஒன்று; மருந்து கொடுக்கும் செவிலியர் பணியும் ஒன்று; இன்னும் எத்தனையோ.

அந்த மேகத்திலிருந்து இறங்கிய மாலையிலேயே வீட்டுக்குப் பேசினாள். மூன்று வாரப் பொய்யையும் சொன்னாள். அவள் படிப்புக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. ஒவ்வொரு பறக்கும் மணியும் பணம். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் அப்பா, "சரி. இன்னும் எத்தனை மணி வேணும்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்றார். அம்மாவோ, "மூணு வாரமா உன் குரலே சரியில்ல, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். இத்தனை எளிதாக முடிந்திருக்க வேண்டியதை ஏன் இத்தனை நாள் சுமந்தோம் என்று இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

அதன் பிறகு பயிற்சி மேலேறியது என்று எழுத ஆசைதான். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. செயற்கை அடிவானத்தைப் பயிற்சியாளர் காகிதத்தால் மூடிவிட்டு, 'அது பழுதாகிவிட்டது, இனி ஓட்டு' என்ற நாட்களும் உண்டு. ஆனால், 'எனக்கு இடப்புறம் சாய்வதாகத் தோன்றுகிறது. கருவி நேர் என்கிறது. கருவியை நம்புகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினோம். சொன்ன மாத்திரத்தில் கை இறுக்கம் தளர்வதைக் கண்டோம்.

இறுதித் தேர்வில் ஒருத்தி முதல் முறையே தேறினாள். மேகத்தில் தடுமாறியவளோ தேறவில்லை. ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஊசி நடுவிலிருந்து முக்கால் பங்குக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி. காற்றில் அவளுக்கு அது விலகியது. இறங்குவதை அங்கேயே கைவிட்டு மேலேறி, மறுபடி முயன்றிருக்கலாம். சரிசெய்துவிடலாம் என்று தொடர்ந்தாள். "ஏன் மேலேறவில்லை?" என்று தேர்வாளர் கேட்டார். அவளிடம் பழைய பதிலே இருந்தது. தேறவில்லை என்ற தாளைக் கையில் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. எந்தப் பகுதியில் தவறினோம் என்று அத்தாளில் எழுதியிருக்கும். அதற்குரிய மறுபயிற்சி பெற்று 60 நாட்களுக்குள் திரும்பி வந்தால், தேறிய பகுதிகளை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. தவறியதைச் செய்து காட்டினால் போதும். அவள் இரண்டாம் முறை தேறினாள்.

'தேர்வில் தவறியவள் ஓட்டும் விமானத்தில் நாங்கள் ஏறுவதா?' என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அளவுகோலைத் தாழ்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த முக்கால் பங்கு ஊசி அவளுக்காக ஒரு மயிரிழைகூட நகரவில்லை, நகரவும் கூடாது. தவறினால் தவறினாள் என்று எழுதட்டும். ஆனால் எழுதியதை ஒளித்துவைக்கும் நிலை அவளுக்கு வேண்டாம் என்பதே எங்கள் வாதம். 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கை அடுத்த மிட்செல் திடலில் ஜிம்மி டூலிட்டில் என்பவர், மூடிய அறைக்குள் அமர்ந்து, வெளியே எதையும் பாராமல் விமானத்தைக் கிளப்பிச் சுற்றி இறக்கினார். முன்னிருக்கையில் பாதுகாப்புக்கென அமர்ந்திருந்த பென் கெல்சி விமானத்தைத் தொடவில்லை. உலகில் முதன்முதல் முழுவதும் கருவிகளையே நம்பி நடந்த பறத்தல் என்று அதைச் சொல்வார்கள். அந்த இறக்கம் அத்தனை ஒழுங்காக அமையவில்லை என்பதைப் பின்னாளில் எழுதியவர் யார் தெரியுமா? டூலிட்டிலேதான்.

மேலேறுதல் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். மேகத்தினூடே ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் விமானி, பொதுவாகத் தரைக்கு 200 அடி மேலே வந்ததும் முடிவெடுக்க வேண்டும். விளக்குகள் தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் மேலேற வேண்டும். இன்னும் பத்து அடி பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. ஒருநாள் நாங்கள் அவ்வாறு இருமுறை மேலேறி, மூன்றாம் முறை முயலாமல் வேறு நிலையத்தில் போய் இறங்கினோம். வாடகை வண்டிக்குப் பணம், விமானத்தை மறுநாள் எடுத்துவரப் பணம், காலை வகுப்பும் போயிற்று. பயிற்சியாளர் அன்று மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தார். அவர் எங்களைப் பாராட்டிய சில நாட்களில் அது ஒன்று. ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னபோது, "இறங்கத் தெரியாமலா வேறெங்கோ போனீர்கள்?" என்றார் உறவினர் ஒருவர். அவருக்கு விளக்க முயன்று கைவிட்டோம்.

இத்தகுதி ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுதும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கடந்த ஆறு மாதங்களுக்குள் ஆறு முறையாவது கருவி வழி இறங்குமுறைகளைச் செய்து, ஹோல்டிங்கும் சுற்றியிருந்தால்தான் மேகத்துக்குள் போகலாம். இல்லையேல் மறுபடி பழக வேண்டும். கெட்டிக்காரியும் ஆறு மாதத்தில் மறப்பாள் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது பாருங்கள்!

இப்போது எங்கள் நிலை என்னவென்று கேட்பீர்கள். ஒருத்தி விமான நிறுவனமொன்றில் துணை விமானியாக இருக்கிறாள். நம் நாட்டில் பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிட மிகவும் அதிகம் என்பதால் அவளை யாரும் வியந்து பார்ப்பதில்லை, அது நல்லதே. இன்னொருத்தி, அதாவது இரண்டாம் முறை தேறியவள், இன்னும் வேலைக்குக் காத்திருக்கிறாள். நேர்முகத் தேர்வில், 'எப்போதாவது தவறியதுண்டா?' என்று கேட்டார்கள். 'உண்டு' என்று சொல்லி, ஊசி விலகிய கதையையும் சொன்னாள். அதனால்தான் வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. வங்கியின் கடிதம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. அடுத்த முறை கேட்டாலும் அதையேதான் சொல்லப் போவதாக அவள் இக்கட்டுரையில் எழுதச் சொல்கிறாள்.

அடுத்த பருவத்தில் அறிவியல் மன்றக் கூட்டத்துக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். ஹூட் கொண்டுவருகிறோம். அலுவலக அறையிலுள்ள சுழல் நாற்காலியைத் தந்துதவத் தலைமையாசிரியை சிஸ்டர் இசைந்திருக்கிறார். ஆக்கருக்குச் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கண்ணைக் கட்டிச் சுற்றிவிடுவோம். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் தப்பாகத்தான் சொல்வீர்கள், நாங்களும் தப்பாகத்தான் சொன்னோம். முன்வரும் பத்துப் பேர் தங்கள் பெயரை மன்றச் செயலரிடம் கொடுத்துவிடுங்கள். அன்று மதிய உணவைச் சற்றுக் குறைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது நலம்.